காக்கிக்குள் ஒரு கேங்மேன்

அன்பு மருமகனுக்கு,

உன் கடிதம் வந்தது. வாட்ஸ்அப்பில் தட்டிவிடாமல் கைப்பட எழுதியிருந்தாய். அதனால் நானும் பேனாவைத் தேடி எடுத்தேன். பி.இ. முடித்துவிட்டு லைனில் சுத்தியல் தூக்குகிறேன், கேங்கில் பெயர் சொல்லிக்கூட யாரும் கூப்பிடுவதில்லை, பிராந்திய ராணுவத்தின் ரயில்வே பிரிவில் சேர்ந்தால் யூனிஃபார்ம் மரியாதையாவது மிஞ்சும் என்கிறாய். நல்லவேளை, அக்கா கண்ணில் இந்தக் கடிதம் படவில்லை. போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த மரியாதையைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டும்.

போன வருடம் மகளைப் பார்க்க லண்டன் போனோம் அல்லவா? உன் அத்தை அரண்மனை பார்க்கப் போன நேரத்தில் நான் பாடிங்டன் ஸ்டேஷன் ஒன்றாம் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே வெண்கலத்தில் ஒரு சிப்பாய் நிற்கிறார். துப்பாக்கியை நீட்டவில்லை, வாளை ஓங்கவில்லை. கனத்த கோட்டைத் தோளில் போர்த்திக்கொண்டு, கழுத்தில் மஃப்ளரோடு, குனிந்து ஒரு கடிதம் படிக்கிறார். அவ்வளவுதான். வடித்தவர் சார்ல்ஸ் ஜாகர். அவரே போரில் அடிபட்டு வந்தவர். 1922 நவம்பர் 11 அன்று திறந்தார்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே முதல் உலகப் போரில் இழந்த ஊழியர்கள் 2,524 பேர். அவர்கள் பெயர்களை எழுதிப் பேழையில் வைத்துச் சிலைக்கு அடியில் மூடியிருக்கிறார்கள், நம் கோயில்களில் சாமிக்கு அடியில் யந்திரத் தகடு வைப்பதுபோல.

அவர்களில் பலர் காலாட்படையில் போனவர்கள். நான் நினைத்துக்கொண்டு நின்றது ரயில் வேலைக்கே போன மற்றவர்களை. 1915இல் ராயல் இன்ஜினியர்ஸ் படைக்குள் ரயில்வே ஆபரேட்டிங் டிவிஷன் என்று ஒன்று தொடங்கி, ரயில் கம்பெனிகளிலிருந்து டிரைவர், ஃபயர்மேன், கார்டு என்று ஆள் சேர்த்தார்கள். மறு வருடம் பிரான்ஸில் சோம் சண்டை. குண்டுகள் மலைமலையாக வந்து இறங்கின. முன்வரிசைக்குக் கொண்டுபோக வழியில்லை. சாலையெல்லாம் சேறு. அதைச் சரிசெய்ய எரிக் கெடிஸ் என்பவரை வரவழைத்தார்கள். நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் துணைப் பொது மேலாளர். தொழில்முறை ராணுவக்காரரே அல்லாதவருக்கு மேஜர் ஜெனரல் பட்டம்!

அடுத்து வந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். 60 சென்டிமீட்டர் கேஜில் குட்டி லைன் போட்டார்கள். தண்டவாளம் மீட்டருக்குப் பத்து கிலோதான். ஸ்லீப்பரோடு சேர்த்து ஏணி மாதிரி துண்டு துண்டாக வரும். ஆட்கள் தூக்கி வைத்து, ஃபிஷ் பிளேட் போட்டு, போல்ட் முறுக்கினால் லைன் ரெடி. பல இடங்களில் ஜல்லி கிடையாது, சேற்றின் மேலேயே. நீராவி இன்ஜின் பின்னாலேயே நின்றுவிடும். பகலில் புகை, இரவில் நெருப்பு வெளிச்சம், இரண்டுமே காட்டிக்கொடுக்கும். அதற்கப்பால் பெட்ரோல் இன்ஜின்தான். குண்டு விழுந்து லைன் பிய்ந்தால், இருட்டிலேயே போய்க் குழியை மூடி, புதுத் துண்டை வைத்து, மறுபடி இணைக்க வேண்டும். நீ வேலை செய்யும் இடத்தில் கொடி நட்டிருப்பார்கள், வண்டி வந்தால் லுக்அவுட் ஆள் விசில் ஊதுவார். அவர்களுக்கு மேலேயிருந்து வந்ததற்கு டைம்டேபிள் இல்லை. கையில் ஸ்பேனரோடு செத்திருக்கிறார்கள்.

கவனித்தாயா? காக்கி போட்ட பிறகும் செய்த வேலை அதேதான். குனிவது, தூக்குவது, முறுக்குவது.

பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று எழுதினாயே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த அதே மீட்டர் கேஜ்தான் அதே போரில், 1916இல், மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், பாஸ்ராவிலிருந்து நாசிரியா வரை போட்டதும். தண்டவாளமும் இன்ஜினும் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போயின. அந்த மெசபடோமியப் போர்முனையில் இறந்து கல்லறையே தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கு பாஸ்ராவில் நினைவகம் கட்டினார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கல்லில் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சாதாரண சிப்பாய்களுக்கு, இந்தப் பிரிவில் இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கை. யூனிஃபார்ம் அவர்களுக்கும் இருந்தது.

இன்னொன்று. 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது வண்டி ஓட்ட இதே பிராந்திய ராணுவப் பிரிவுகளைத்தான் இறக்கினார்கள். கொடி பிடித்தவனும் ரயில்வேக்காரன், காக்கியில் வந்தவனும் ரயில்வேக்காரன். கையெழுத்துப் போடும்முன் அந்தப் பக்கத்தையும் யோசித்துவிடு.

போவதென்றால் வேலை தெரிந்துகொண்டு போ. உன் கேங்மேட் சுத்தியல் பிடியால் ஸ்லீப்பரைத் தட்டிக் காதாலேயே அடியில் ஜல்லி பேக்கிங் தளர்ந்ததைக் கண்டுபிடிப்பாராமே, நீயே எழுதியிருக்கிறாய், அதுவும் கிண்டலாக! எனக்கு அது கைவரப் பதினோரு வருடம் ஆயிற்று. மழை தொடங்குமுன் ஒரு மாதம் அவர் பின்னாலேயே நட. டிகிரியைப் பற்றிப் பேசாதே.

அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது: உன் செக்‌ஷனில் இப்போது 60 கிலோ தண்டவாளமா, இன்னும் 52தானா?

அன்புடன்,
மாமா