நிரந்தரக் கருத்தடை: முடிவு யாருடையது?

நம் நாட்டில் 1966ஆம் ஆண்டு குடும்பத் திட்டச் சட்டம் இயற்றப்பட்டுத் தேசியக் குடும்பத் திட்ட வாரியம் அமைக்கப்பட்டது. 1984இல் அது தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமாயிற்று. மாத்திரை, ஊசி ஆகியவற்றைப் பற்றித் தோட்டப்புறத் தாய்மார் பலரும் அறிவர். ஆயின், “இருக்கும் குழந்தைகள் போதும்” என்று உறுதி கொண்ட பெண் நிரந்தரக் கருத்தடையை நாடும்போது எதிர்ப்படும் தடைகள் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அதனை இங்கு ஆராய்வோம்.

முதலில் சிகிச்சையின் தன்மையை அறிவோம். கருமுட்டை செல்லும் இரு குழாய்களையும் கட்டியோ வெட்டியோ அடைப்பதே இச்சிகிச்சை. கருப்பை அகற்றப்படுவதில்லை; மாதவிடாயும் நிற்பதில்லை. பால் வாளி சுமக்கும் வலிமை போய்விடும் என்பது வீண் அச்சமாகும். சில நாள் ஓய்வுக்குப் பின், மருத்துவர் சொற்படி வேலைக்குத் திரும்பலாம். எனினும் இதுவும் முழுக்காப்பு அன்று. முதலாண்டில் ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஐவர் கருவுறக்கூடும்.

தம்பின் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டும் 28 வயதுத் தாய் ஒருவர், இரு குழந்தைகளுடன் இச்சிகிச்சையைக் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். “வயது குறைவு, பின்னர் மனம் மாறலாம், கணவரின் கையொப்பம் வேண்டும்” எனும் மறுமொழியே அவருக்குக் கிடைக்கக்கூடும்.

மருத்துவரின் தயக்கம் அடியோடு காரணமற்றதன்று. சிகிச்சை பெற்ற பெண்களை 14 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வொன்றில், முப்பது வயதுக்குள் செய்துகொண்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேரும், அதற்குப் பின் செய்துகொண்டோருள் 6 பேரும் வருந்தினர். ஆனால் அதே கணக்கின்படி, இளவயதினருள்ளும் நூற்றுக்கு 80 பேர் வருந்தவில்லை. ஆகவே, எச்சரிப்பது மருத்துவரின் கடமை. எச்சரிக்கையைக் காட்டிக் கதவை அடைப்பது கடமையாகாது.

அமெரிக்காவில் 1969 வரை ஒரு விதி வழங்கிற்று. பெண்ணின் வயதைக் குழந்தைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் 120 வரவேண்டும். முப்பது வயதுப் பெண்ணுக்கு மூன்று குழந்தைகள் இருந்தாலும் 90தான். நான்காவது பிறக்கும்வரை அவள் காத்திருக்க வேண்டும்! இந்தியாவில் 2006இல் வெளியான அரசாங்க விதிமுறைகளோ, வயதுக்கும் குழந்தைக்கும் வரம்பு விதித்தபோதிலும் துணைவரின் ஒப்புதல் தேவையில்லை என்கின்றன.

மறுபக்கத்தையும் மறத்தலாகாது. அதே இந்தியாவில், நெருக்கடி நிலைக் காலமான 1976-77இல் 80 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடைச் சிகிச்சை செய்யப்பட்டது, கட்டாயப்படுத்தப்பட்டோர் பலர். 2014இல் பிலாஸ்பூர் முகாமொன்றில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் சிகிச்சை செய்யப்பட்டு, அவர்களுள் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு 2016இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வேண்டாதவளைக் கட்டாயப்படுத்துவதும் வேண்டியவளைத் திருப்பி அனுப்புவதும் ஒரே பிழையின் இரு முகங்களே. இரண்டிலும் பெண்ணின் சொல் கேட்கப்படுவதில்லை.

ஆதலின், இச்சிகிச்சையை நாடும் சகோதரிகள் மூன்றினை மனத்திற் கொள்வது நலம். ஒன்று, பேறுகாலத்திலேயே, வலி தொடங்குமுன், மருத்துவரிடம் விருப்பத்தைத் தெரிவித்து அட்டையில் குறிக்கச் செய்தல். இரண்டு, மறுக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டறிந்து, வேறொரு மருத்துவரிடமோ வாரியத்திடமோ ஆலோசனை பெறுதல். மூன்று, புரியாத படிவத்தில் கையொப்பமிடாமல், தமிழில் விளக்கித் தருமாறு கேட்டல்.

கணவன்மாருக்கும் ஒரு சொல்: ஆண்களுக்கான சிகிச்சை இதனினும் எளிது, வயிற்றைத் திறக்க வேண்டுவதில்லை. அதற்கு முன்வராதவர், மனைவியின் முடிவுக்கேனும் குறுக்கே நில்லாதிருத்தல் வேண்டும். பிள்ளையைச் சுமப்பவள் அவள். போதும் என்று சொல்லும் உரிமையும் அவளுக்குண்டு.