சனிக்கிழமைச் சம்பளமும் கடன் கணக்கும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சம்பள நாள் சனிக்கிழமை. வாடகையும் வண்டித் தவணையும் மாதத்துக்கு ஒருமுறை வரும். குழுக்கடன் வசூல் வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒருமுறை. தண்டல்காரர் தினமும் வருவார். பணம் வருவது ஒரு கணக்கில், போவது மூன்று கணக்கில். லைன் வீடுகளில் பிறக்கும் கடன்களில் ஒரு பகுதி வருமானம் போதாமல் வருவது; இன்னொரு பகுதி இந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தாததால் வருவது. ஞாயிறு கறிக்கும் சந்தைக்கும் தாராளமாக இருந்த கை, புதன்கிழமை பக்கத்து வீட்டில் கைமாற்று கேட்கும். சம்பளம் உயர்ந்த பிறகும் புதன்கிழமை அப்படியே இருக்கும் வீடுகள் உண்டு.

கடனை அடைக்கத் தொடங்குமுன் அதன் உண்மையான விலை தெரிய வேண்டும். அதை மறைப்பது பெரும்பாலும் பேச்சு வழக்குதான். வங்கி பத்து சதவீதம் என்றால் அது ஓராண்டுக்கு. வெளியில் “ரெண்டு வட்டி” என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். “அஞ்சு வட்டி” 60 சதவீதம். ஐந்து என்ற சொல் காதில் சிறியதாக விழுவதால் வங்கியின் பத்தைவிட அது மலிவு என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தண்டல் இன்னும் சூட்சுமமானது. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பேசி, 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தருவார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு 15 சதவீதம். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருவதாலும், கையில் வந்ததே 8,500 என்பதாலும், முறையாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சதவீதம். தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு அதீத வட்டி தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சட்டம் இருக்கிறது, காலை ஏழு மணிக்கு வாசலில் பைக் சத்தமும் இருக்கிறது.

வண்டிக் கடனில் வேறொரு திரை. ஒரு லட்சம் ரூபாய், 12 சதவீதம் ஃபிளாட் வட்டி, மூன்று ஆண்டு என்றால் மாதத் தவணை 3,778 ரூபாய். அடைத்துவிட்ட அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி போட்டுக்கொண்டே வருவதுதான் ஃபிளாட். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால் இதே தவணை 21 சதவீதத்துக்கு மேலான கடனுக்குச் சமம். கடையில் தவணைத் தொகையைக் கேட்பவர்கள் அதிகம். எந்த முறையில் வட்டி என்று கேட்பவர்கள் குறைவு.

எல்லாக் கடனையும் ஆண்டு வட்டிக்கு மாற்றி ஒரே தாளில் எழுதும்போது, வீட்டில் பலருக்கும் முதல் அதிர்ச்சி கிடைக்கிறது. எடுத்துக்காட்டாக ஒரு குடும்பம்: கணவர் ஓவர்லாக் டைலர், மனைவி செக்கிங், இருவர் சம்பளமும் சேர்ந்து வாரம் 8,000 ரூபாய். ஒரு தண்டல் ஓடுகிறது. தெரிந்தவரிடம் நாலு வட்டிக்கு 20,000, வங்கியில் நகையின் மேல் பத்து சதவீதத்துக்கு 60,000, குழுக்கடன் 40,000, கம்பெனியில் வட்டியில்லாத அட்வான்ஸ் 5,000. இவற்றில் தூக்கத்தைக் கெடுப்பது அறுபதாயிரம்தான், ஏனென்றால் அது தாலிக்கொடியோ வளையலோ. ஆனால் அந்த அறுபதாயிரத்துக்கு மாத வட்டி 500 ரூபாய். இருபதாயிரத்துக்கு 800 ரூபாய். பணத்தை அதிகம் தின்பது சிறிய கடன்.

ஆகவே அடைக்கும் வரிசை தொகையைப் பார்த்து அமையாமல் வட்டியைப் பார்த்து அமைய வேண்டும்: தண்டல், நாலு வட்டி, குழுக்கடன், வண்டி, கடைசியில் நகை. மிகச் சிறிய கடனை முதலில் முடித்து உற்சாகம் பெறலாம் என்றும் ஒரு கட்சி உண்டு. இத்தகைய வீடுகளில் வட்டியுள்ள கடன்களில் மிகச் சிறியதும் மிக விலை கூடியதும் பெரும்பாலும் ஒரே தண்டலாக இருப்பதால் அந்த வாதத்துக்கு அவசியமே எழுவதில்லை. ஒரே விதிவிலக்கு, நகைக்கடனின் கெடு நெருங்கி ஏல நோட்டீஸ் வரும் நிலை. அப்போது வட்டியையாவது கட்டித் திருப்பி வைத்தாக வேண்டும். 2021இல் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியான பிறகு, அடுத்த தள்ளுபடிக்காக வட்டி கட்டாமல் காத்திருப்பவர்களும் உண்டு. தேர்தலை நம்பி நகையை வைப்பது இன்னொரு வகைச் சூதாட்டம்.

பத்து சதவீத நகைக்கடனை இன்னும் கொஞ்சம் கூட்டி வாங்கி, நாலு வட்டிக் கடனை ஒரேயடியாக அடைப்பது கணக்குப்படி சரியான வேலை. 48 சதவீதம் இருந்த இடத்தில் 10 வந்துவிடுகிறது. வழுக்கும் இடம் அதற்கு அடுத்த மாதம். மிச்சமாகும் வட்டிப் பணம் வீட்டுச் செலவில் கரைந்து, ஆறே மாதத்தில் நாலு வட்டிக்காரரிடம் மறுபடி போய் நின்றால், இப்போது நகையும் போயிற்று, கடனும் திரும்பி வந்தாயிற்று. மிச்சமான பணம் அதே வாரம் நகைக்கடனுக்குப் போகும் என்ற ஏற்பாடு இல்லாமல் இந்த மாற்றத்தில் இறங்கக் கூடாது.

தண்டலை முன்கூட்டி அடைப்பதால் பெரிதாக மிச்சமில்லை, வட்டியை முதலிலேயே எடுத்துக்கொண்டார்களே. அதில் தப்பிக்கும் வழி இரண்டாவது தண்டலை வாங்காமல் இருப்பது. எழுபதாம் நாள் வாக்கில் வசூல்காரரே இனிமையாகக் கேட்பார்: “அக்கா, புதுசா போட்டுக்கலாமா?” பாக்கி 3,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு புதிய பத்தாயிரத்தில் 5,500 கையில் தருவார். ஏற்கெனவே வட்டி கட்டிய மூவாயிரத்துக்கு இப்போது இரண்டாம் முறை வட்டி. இப்படியே இடைவிடாமல் ஓடினால் ஓராண்டில் வட்டியாக மட்டும் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போகும், அதுவும் ஒருபோதும் 8,500ஐத் தாண்டாத பணத்துக்கு.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த வீடு ஏற்கெனவே சேமிக்கத் தெரிந்த வீடு என்பதுதான். நூறு நாள் தவறாமல் நூறு ரூபாய் எடுத்து வைத்திருக்கிறது. மழையிலும், ஷிப்ட் இல்லாத நாளிலும், கறி எடுக்காத ஞாயிற்றிலும். தண்டல் முடிந்த மறுநாளும் அதே நேரத்தில் அதே நூறு ரூபாயை ஒரு டப்பாவில் போட்டால் 85 நாளில் 8,500 ரூபாய் சொந்தப் பணமாகச் சேர்ந்துவிடும். தண்டல்காரர் கொடுத்து வந்த தொகை அவ்வளவுதான். அவர் விற்றது உண்மையில் பணத்தை அல்ல, வாசலில் வந்து கேட்கும் ஒழுங்கை. அந்த ஒழுங்குக்கு ஆள் வேண்டுமென்றால் மகளிர் சுயஉதவிக் குழுவின் சந்தாவோ, ஸ்கூல் விட்டு வந்ததும் “இன்னிக்கிப் போட்டாச்சாம்மா?” என்று கேட்கும் பிள்ளையோ போதும்.

அடுத்த கையிருப்பு ஐந்தாவது சனிக்கிழமையிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு 52 வாரம். மாதத்துக்கு நான்கு சம்பளம் என்று கணக்குப் போட்டால் 48தான் ஆகிறது. மீதி நான்கு வாரச் சம்பளம், நான்கு மாதங்களில், சில ஆண்டுகளில் ஐந்து மாதங்களில், ஐந்தாவது சனியாக வந்து சத்தமில்லாமல் செலவாகிறது. வாடகையையும் தவணையையும் நான்கு வாரச் சம்பளத்துக்குள் அடக்கிவிட்டு, காலண்டரில் ஐந்து சனி உள்ள மாதங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கும் வீட்டுக்கு, மேலே சொன்ன சம்பளத்தில் ஆண்டுக்கு 32,000 ரூபாய் தனியாக நிற்கும். நாலு வட்டிக் கடனை முழுதாக அடைத்த பிறகும் கொஞ்சம் மிஞ்சும்.

கடன் முழுதும் தீரும்வரை சேமிப்பே வேண்டாம் என்பது இந்தத் தொழிலுக்குப் பொருந்தாத அறிவுரை. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கான வரியை 50 சதவீதமாக்கியபோதும் அடிபட்ட ஊர் இது. பெரிய இடி விழாத ஆண்டிலும் ஆர்டர் இல்லாத வாரங்கள் வரும். ஆறு முதல் எட்டு வார வாடகைக்கும் அரிசிக்கும் உரிய பணம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால்தான் அந்த வாரங்களில் தண்டல்காரரின் போன் நம்பர் தேவைப்படாது. அவ்வளவு சேரும்வரை ஐந்தாவது சனியில் பாதி கடனுக்கு, பாதி இதற்கு.

அதற்கு மேல் சேர்வதை வைக்க அஞ்சலகத் தொடர் வைப்பு எளியது. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஐந்து ஆண்டு. 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதமாக்கப்பட்டது. அந்த வட்டியில் மாதம் 1,000 கட்டினால் முடிவில் 71,000 ரூபாய்க்குச் சற்று மேல். கணக்கை மாதத்தின் முதல் பாதியில் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்; 16ஆம் தேதி முதல் தொடங்கினால் மாதத்தின் கடைசி வேலைநாள் வரை நேரம் உண்டு. வாரச் சம்பளக்காரருக்கு இரண்டாவது வழியே நல்லது, இடையில் மூன்று சனியாவது வந்துவிடும். தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு, கட்டியதில் பாதி வரை கடன் பெறவும் முடியும்.

ஏலச்சீட்டு சேமிப்பும் கடனும் கலந்தது. தேவை வரும் மாதத்தில் தள்ளிக் கேட்டு எடுக்கலாம், எடுக்காதவருக்குக் கழிவில் பங்கு. 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டென்றால் ஒப்பந்த நகல் கையில் தருவார்கள். நடத்துபவரின் கமிஷன் 2019 திருத்தத்துக்குப் பின் அதிகபட்சம் 7 சதவீதம். தெருவில் நம்பிக்கையின் பேரில் நடக்கும் தீபாவளிச் சீட்டில் அந்தத் தாள் இருக்காது. இழந்தால் தாங்கக்கூடிய தொகைக்கு மேல் அதில் போடக் கூடாது. நகைக்கடைச் சீட்டுகள் பெரும்பாலும் பதினொரு மாதத்தில் முடிவதற்குக் காரணம் உண்டு: சரக்குக்கான முன்பணத்தை 365 நாளுக்கு மேல் வைத்திருந்தால் விதிப்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும். வங்கி வைப்புக்கு இருக்கும் ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீடு இதற்குக் கிடையாது. நகையாக வாங்கும்போது செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி என்று போவது எதுவும் அடகுக் கவுண்டரில் மதிப்பாகத் திரும்பாது. ஆனாலும் அவசரத்துக்குப் பத்து சதவீதத்தில் பணம் தருவது அந்த நகைதான். தங்கத்தை வீண் என்று ஒதுக்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிடித்தமில்லாமல் முழுச் சம்பளமும் கையில் தரும் கம்பெனியை நல்ல கம்பெனி என்று நினைப்பது இத்தொழிலில் பழகிப்போன பிழை. தொழிலாளியிடம் இஎஸ்ஐக்குப் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி போடுவது 3.25. குடும்பத்தின் மருத்துவச் செலவு போக, நோயில் வீட்டில் இருக்கும் நாள்களுக்கு 70 சதவீதச் சம்பளமும் ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. நாலு வட்டிக் கடன்கள் எங்கே தொடங்கின என்று துருவினால் பல நேரம் ஓர் ஆஸ்பத்திரி பில்லில் போய் முடியும். பிஎஃப் பணத்தைக் கம்பெனி மாறும் ஒவ்வொரு முறையும் எடுத்துச் செலவழிப்பவருக்கு, ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்தாண்டுப் பணிக்கணக்கும் அறுந்துபோகிறது.

மொய்யையும் கடன் தாளில் எழுத வேண்டும். வட்டி கிடையாது, ஆனால் செய்தவர் வீட்டு விசேஷத்தில் வாங்கியதோடு கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்தாக வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கமிருந்து வந்த குடும்பங்களுக்கு ஆடியில் ஊர் மொய் விருந்துகள் வரிசையாக வரும். மொய் நோட்டைப் புரட்டி, அடுத்த ஆண்டு யார் யார் வீட்டில் காதுகுத்து, கல்யாணம் என்று தையிலேயே குறித்து வைத்தால், பஸ் ஏறும் நாளில் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்காது.

தீபாவளி போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம். துணிக்கும் பட்டாசுக்கும் போனது போக நிற்பதை நகை மீட்கப் பயன்படுத்தலாம். நகை கடைசியில் வருவதற்கு இந்தப் பணம் பொருத்தமானது.

ஒரு கடன் முடியும் நாளில் பணம் கட்டுவதோடு வேலை முடிவதில்லை. புரோநோட்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை, அடமானமாகக் கொடுத்த ஏடிஎம் கார்டு எல்லாம் திரும்பிக் கைக்கு வர வேண்டும். மீட்ட நகையைக் கவுண்டரிலேயே எடை போட்டுப் பார்க்க வேண்டும். குழுக்கடனுக்கும் வண்டிக்கடனுக்கும் பாக்கி இல்லை என்ற சான்று வாங்கி, வண்டியின் ஆர்சியில் உள்ள அடமானக் குறிப்பை ஆர்டிஓ அலுவலகத்தில் நீக்க வேண்டும். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கை தருகின்றன. முழுதாக அடைத்த கடன் அதில் ‘செட்டில்டு’ என்று பதிவாகியிருந்தால், பாதியில் பேசி முடித்ததாகப் பொருளாகும்; கடன் கொடுத்தவரிடம் சான்றைக் காட்டி ‘க்ளோஸ்டு’ என்று மாற்றச் சொல்ல வேண்டும்.