பிள்ளைகள் அமானிதம்: புதிய தொண்டர்களுக்குச் சில பாடங்கள்

நமது மஹல்லாவில் பள்ளிவாசலை ஒட்டிய கட்டடத்தில் சிறுவர் நிலையம் ஒன்று நடந்து வருகிறது. அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை குர்ஆன் ஓதும் வகுப்பு. மஃரிபுக்குப் பின் இஷா வரை பள்ளிக்கூடப் பாடங்களுக்கான உதவி. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, தமிழகத்தில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ல்தான் மீண்டும் திறக்கப்பட்டன என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த இடைவெளியில் எழுத்துக் கூட்டிப் படிப்பதையும் மறந்துபோன பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட மாலை வகுப்பு, அல்லாஹ்வின் அருளால் இன்றும் தொடர்கிறது. கல்லூரியில் படிக்கும் வாலிபர்களும், குடும்பப் பெண்களும், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் ஊதியம் எதுவும் பெறாமல் இதில் பணியாற்றுகின்றனர்.

ஒவ்வோர் ஆண்டும் கோடை விடுமுறை முடிந்ததும் புதிய தொண்டர்கள் சிலர் வந்து சேர்வார்கள். ஆர்வத்திற்குக் குறைவிருக்காது. “ஹஜ்ரத், நாளைக்கே வகுப்பு எடுக்கட்டுமா?” என்று கேட்பார்கள். நாம் உடனே சம்மதிப்பதில்லை. முதலில் இரண்டு நாட்கள் அவர்களை அமர வைத்துச் சில விஷயங்களை எடுத்துச் சொல்கிறோம். பின்பு இரண்டு வாரங்கள் பழைய தொண்டர் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து கவனிக்கச் சொல்கிறோம். அந்த விஷயங்கள், பிள்ளைகளை மக்தபுக்கும் டியூஷனுக்கும் அனுப்பி வைக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படும் ஆதலால் ஈண்டு எழுதுகிறோம்.

பிரியம் மட்டும் போதாது

ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஒருவர் தம்முடைய நகைகளை நம்மிடம் ஒப்படைத்துச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் என்ன செய்வோம்? எண்ணி வாங்குவோம், எழுதி வைப்போம், பூட்டி வைப்போம். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை வீட்டில் சொல்லி வைப்போம். “என்மீது நம்பிக்கை இல்லையா? எழுதுவது எதற்கு?” என்று நாம் கோபித்துக் கொள்வதில்லை. எழுதி வைப்பது நமக்கும் பாதுகாப்பு என்பது நமக்குத் தெரியும்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹு தஆலா கட்டளையிடுகிறான் (4:58). ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒரு தாய் தன் பிள்ளையை நம் வாசலில் விட்டுச் செல்லும் அந்த இரண்டு மணி நேரமும் அப்பிள்ளை நம்மிடம் உள்ள அமானிதம். நகையை விட மேலான அமானிதம். ஏனெனில் நகை தொலைந்தால் ஈடு கொடுக்கலாம், பிள்ளையின் உள்ளத்தில் விழுந்த கீறலுக்கு எதைக் கொண்டு ஈடு கொடுப்பது? எனவே பிரியம் இருந்தால் மட்டும் போதாது, பேணுதல் வேண்டும். இனி வரும் பாடங்கள் எல்லாம் இதன் விரிவுதான்.

முதல் பாடம்: சொன்ன நாளில் வருதல்

அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, அவருடைய தாயார், “வா, உனக்கு ஒன்று தருகிறேன்” என்ற கருத்தில் அழைத்தார்கள். அங்கிருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தீர் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். எதுவும் கொடுக்காதிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று அண்ணலார் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது.

புதிய தொண்டர்கள் முதல் வாரத்தில் தினமும் வருவேன் என்பார்கள். இரண்டாவது மாதம் தேர்வு வரும், கல்யாணம் வரும், ஆள் வரமாட்டார். பிள்ளைகள் வாசலைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள். வாரத்தில் ஒரு நாள்தான் முடியுமென்றால் ஒரு நாள் என்றே சொல்லுங்கள். அந்த ஒரு நாளைத் தவற விடாதீர்கள். வர இயலாதபோது முன்கூட்டியே தெரிவியுங்கள். மிட்டாய் தருவதாகச் சொன்னால் மிட்டாயோடு வாருங்கள்.

இரண்டாவது பாடம்: பெயரும் ஸலாமும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிறுவர்களைக் கடந்து சென்றபோது அவர்களுக்கு ஸலாம் சொன்னார்கள் என்று ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அனஸின் தம்பியாகிய குழந்தை அபூ உமைர் வளர்த்த சிறு பறவை இறந்துவிட்டது. அக்குழந்தையை அவனுடைய செல்லப் பெயரால் அழைத்து, அந்தப் பறவை என்னவாயிற்று என்று அன்போடு விசாரித்தார்கள் அண்ணலார். மதீனாவின் ஆட்சிப் பொறுப்பும் வஹீயின் சுமையும் தாங்கியவர்களுக்கு ஒரு குழந்தையின் பறவைக்கும் நேரமிருந்தது.

ஆகவே, முதல் வாரத்தில் பாடம் நடத்த அவசரப்பட வேண்டாம். இருபது பிள்ளைகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்யுங்கள். “ஏய் பச்சைச் சட்டை” என்று கூப்பிடாதீர்கள். யாருக்குத் திக்குவாய், யாருக்குத் தூரத்து எழுத்து தெரிவதில்லை, யார் பசியோடு வருகிறார் என்று கவனியுங்கள். ஒரு சிறுமி பாடத்தில் மந்தம் என்று ஓராண்டு நினைத்திருந்தோம். கண்ணாடி போட்ட பிறகுதான் மந்தம் அவளிடமில்லை, நம் கவனத்தில் என்பது விளங்கிற்று.

மூன்றாவது பாடம்: ‘ஏன்?’ என்ற கேள்வி

நாம் ஓதிக் கொடுக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் செய்த தவறு ஒன்றையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தினமும் தாமதமாக வருவான். ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளும் பார்க்க அவனை எழுப்பி நிறுத்தி, “ஏன் தினமும் லேட்? வீட்டில் அப்படி என்ன வேலை?” என்று கேட்டோம். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

நான்காம் நாள் வீடு தேடிச் சென்றோம். வாசற்படியில் கைக்குழந்தையான தங்கையை மடியில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் உம்மா சுற்றிய பீடிகளைக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பும்வரை அவன்தான் குழந்தையைப் பார்த்துக் கொள்ள வேண்டும். வாப்பா இல்லாத வீடு. நாம் கேட்ட கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. அதை அத்தனை பேர் முன்னிலையில் சொல்ல அவனுக்கு மனமில்லை. அவன் முன்பாகவே அவன் உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டோம். அல்ஹம்துலில்லாஹ், அவன் திரும்ப வந்தான். ஆனால் அன்று போல் எத்தனை பிள்ளைகள் வராமலே போயிருப்பார்கள் என்ற அச்சம் இன்றும் நமக்கு உண்டு.

ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக அண்ணலாரிடம் வந்து பத்து ஆண்டுகள் பணிவிடை செய்தார்கள். அப்பத்து ஆண்டுகளில் ஒரு முறைகூட அண்ணலார் தம்மைச் ‘சீ’ என்று சொன்னதில்லை. செய்ததை ஏன் செய்தாய் என்றோ, செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று கூறுகிறார்கள் (புகாரி, முஸ்லிம்). இந்த ஹதீஸை மதரஸாவில் ஓதிப் பல ஆண்டுகள் ஆகியும், அந்த வாசற்படியில்தான் அதன் பொருள் நமக்குப் புரிந்தது. தாமதமாக வரும் பிள்ளையை உள்ளே அழைத்து உட்கார வையுங்கள். விசாரிப்பதைப் பிறகு தனிமையில்லாத இடத்தில், தணிந்த குரலில் செய்யுங்கள்.

நான்காவது பாடம்: கை ஓங்காமை

“ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் அடியுங்கள் என்று ஹதீஸ் இருக்கிறதே?” என்று சில தொண்டர்கள் கேட்கிறார்கள். அந்த ஹதீஸ் பெற்றோரை நோக்கியது, தொழுகையைப் பற்றியது, மூன்று ஆண்டுகள் அன்போடு ஏவிய பிறகு வருவது. அதற்கும் ஃபுகஹாக்கள் கடும் நிபந்தனைகள் விதித்துள்ளனர். பெருக்கல் வாய்ப்பாடு தெரியாத பிள்ளையை அடிப்பதற்கு அது ஆதாரமாகாது. அறப்போரில் அன்றி அண்ணலார் தம் கையால் எந்தப் பெண்ணையும் பணியாளரையும் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சாட்சி கூறுகிறார்கள் (முஸ்லிம்). பள்ளிக்கூடங்களில் அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் சொல்லும் முன்பே சுன்னத் சொல்லியிருக்கிறது என்பதை நாம் உணர வேண்டும். நமது நிலையத்தில் பிரம்பு இல்லை. காதைத் திருகுவதும் இல்லை. பட்டப் பெயரும் இல்லை.

ஐந்தாவது பாடம்: திறந்த கதவு

ரமலான் கடைசிப் பத்தில் அண்ணலார் இஃதிகாஃப் இருந்தபோது அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் வந்து பார்த்துப் பேசிவிட்டுத் திரும்பினார்கள். அவர்களை வழியனுப்ப அண்ணலாரும் எழுந்து சென்றார்கள். அவ்வழியே வந்த அன்ஸாரிகள் இருவர் விரைந்து நடந்தனர். அண்ணலார் அவர்களை நிறுத்தி, இவர் என் மனைவி ஸஃபிய்யா என்று தெளிவுபடுத்தினார்கள். அவ்விருவரும் திகைத்துப் போயினர். மனித உள்ளத்தில் ஷைத்தான் எதையும் போட்டுவிடக் கூடும் என்று அண்ணலார் விளக்கினார்கள் (புகாரி, முஸ்லிம்).

பாவமே அணுகாத மஃஸூமாகிய நபியே சந்தேகத்திற்கு இடம் வைக்கவில்லை என்றால், நாம் எம்மாத்திரம்? ஆதலால் நம் நிலையத்தில் சில ஒழுங்குகள் வைத்துள்ளோம். எந்தத் தொண்டரும் எந்தப் பிள்ளையுடனும் மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது. வகுப்பு நடக்கும் நேரமெல்லாம் பெரியவர்கள் இருவராவது கட்டடத்தில் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குச் சகோதரிகளே பாடம் நடத்த வேண்டும். பிள்ளைகளோடு செல்பேசியில் தனியாகச் செய்தி பரிமாறக் கூடாது. சொல்ல வேண்டியதைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். பெற்றோரின் அனுமதியின்றிப் பிள்ளையை வண்டியில் ஏற்றிச் செல்லவோ, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடவோ கூடாது. இந்த ஒழுங்குகள் ஹஜ்ரத்துக்கும் உண்டு, நிர்வாகிகளுக்கும் உண்டு. “எங்களையே சந்தேகிக்கிறீர்களா?” என்று கோபிப்பவரிடம் நகைக்கணக்கை நினைவூட்டுகிறோம்.

ஆறாவது பாடம்: பிள்ளை வாய் திறந்தால்

இதுவே எல்லாவற்றிலும் கடினமான பாடம். ஒரு பிள்ளை, தனக்கு ஒருவர் தீங்கு செய்வதாக உங்களிடம் சொல்லக் கூடும். சொல்பவர் உறவினராகவோ, ஊரில் மதிக்கப்படுபவராகவோ இருக்கலாம். அப்போது முகம் மாறாமல் கேளுங்கள். “பொய் சொல்லாதே” என்று அதட்டாதீர்கள். நீதிபதியைப் போல் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கை உங்களால் நிறைவேற்ற முடியாது. “நீ சொன்னது நல்லது, தப்பு உன் மேல் இல்லை” என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளை சொன்னதை அதே சொற்களில் எழுதி வைத்துக்கொண்டு, அன்றே நிலையப் பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். பொறுப்பாளர் மீதே புகார் என்றால் நேரே காவல் நிலையத்திற்குச் செல்லுங்கள்.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயது நிறையாத பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததை அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். எத்தகைய ஆபத்திலுள்ள பிள்ளைக்கும் 1098 என்ற உதவி எண் உண்டு. பிள்ளையின் பெயரையோ வீட்டையோ வெளியில் பரப்புவதும் சட்டப்படி குற்றமே.

“முஸ்லிமின் குறையை மறைக்கச் சொல்லியிருக்கிறதே, குடும்ப மானம் என்னாவது?” என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவர் தமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே செய்துகொண்ட பிழையை மறைப்பது வேறு; பிறருக்கு இழைக்கும் அநீதியை மறைப்பது வேறு. அநீதி செய்பவனுக்கும் உதவுமாறு ஏவிய அண்ணலார், அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கியுள்ளார்கள் (புகாரி). மறைக்கப்பட்ட அநீதி அடுத்த பிள்ளையைத் தேடிச் செல்லும். மஹல்லாவின் மானம் என்பது அதன் பிள்ளைகள் அச்சமின்றி இருப்பதுதான்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

பிள்ளையை எங்கு அனுப்பினாலும், அங்கே யார் இருக்கிறார்கள், கதவு திறந்திருக்கிறதா, முறையிட வேண்டுமென்றால் யாரிடம் முறையிடுவது என்று கேளுங்கள். நம்மிடமும் கேளுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது. மாதம் ஒரு முறை சொல்லாமல் வந்து வகுப்பைப் பாருங்கள். இரவில் பிள்ளை சாப்பிடும்போது, “இன்றைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? என்ன பேசினீர்கள்?” என்று கேளுங்கள். போக மாட்டேன் என்று அழும் பிள்ளையை அடித்து அனுப்பும் முன், காரணத்தை ஆற அமர விசாரியுங்கள்.

தொண்டாற்ற வரும் தம்பிமார்களே, சகோதரிகளே! உங்கள் நேரத்தை அல்லாஹ்வுக்காகக் கொடுக்கிறீர்கள். அதன் கூலி அவனிடம் இருக்கிறது. மறுமையில் நகைக்கணக்கைக் காட்டிலும் நுணுக்கமாகக் கேட்கப்படும் கணக்கு இந்தப் பிள்ளைகளின் கணக்கு. அந்நாளில் தலை நிமிர்ந்து கணக்குக் கொடுப்பவர்களாக நம் அனைவரையும் அல்லாஹு தஆலா ஆக்கியருள்வானாக! ஆமீன்.