மின் திட்டங்களுக்கு அனுமதி: மைசூர் வட்டாரம் தரும் பாடம்

நாட்டின் வளர்ச்சிக்கு மின்விசை இன்றியமையாதது. காடும் ஆறும் விளைநிலமும் அதே அளவுக்கு இன்றியமையாதவை. ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றை எந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்பதை முடிவு செய்யும் நடைமுறையே அனுமதி முறையாகும். இம்முறை நீண்டும் சிக்கல் மிகுந்தும் போய்விட்டது என்னும் குறை இன்று பல நாடுகளில் கேட்கிறது. அதைச் சீர்திருத்த வேண்டும் என்று கூறுவோருள் பழமை பேணும் சிந்தனையாளர்களும் உள்ளனர். அவர்களுடைய வாதத்தில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பதை மைசூர் வட்டாரத்தின் மின் திட்ட வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்கையின் அடிப்படை

பழமை பேணும் சிந்தனை சுற்றுச்சூழலுக்குப் பகையானது என்று சிலர் கருதுவதுண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. அமெரிக்காவின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தில் 1970ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர் நிக்சன். அமில மழையைத் தடுக்க, கந்தக டை ஆக்சைடின் மொத்த வெளியீட்டுக்கு உச்ச வரம்பு விதித்து, அதற்குட்பட்ட உரிமைகளை ஆலைகள் தமக்குள் வாங்கவும் விற்கவும் இடமளித்த 1990ஆம் ஆண்டுத் திருத்தம், அதே கட்சியின் அதிபர் புஷ் காலத்தது.

இச்சிந்தனையின் கூறுகளை நான்காகச் சுருக்கலாம். இயற்கை வளம் முன்னோரிடமிருந்து பெற்றுப் பின்னோர்க்கு ஒப்படைக்க வேண்டிய வைப்புப் பொருள் என்பது முதலாவது. நில உடைமையாளரின் இசைவையும் உள்ளூராரின் பொறுப்பையும் மதிக்க வேண்டும் என்பது இரண்டாவது. விதிகள் சிலவாகவும் தெளிவாகவும் கால வரம்புடனும் இருத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. மாற்றம் படிப்படியாக வர வேண்டும் என்பது நான்காவது. நம் நாட்டில் 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த இராஜாஜி, "பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்" என்று சாடியது மூன்றாவது கூற்றின் வழிவந்ததே.

சிவசமுத்திரம்

மைசூர் சமஸ்தானத்தில் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், ஜோலி டி லோட்பினியர் என்னும் பொறியாளரின் முயற்சியால் உருவானது சிவசமுத்திரம் நீர்மின் நிலையம். 1902ஆம் ஆண்டு சூன் திங்களில் அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் சென்றது. 1905இல் பெங்களூருக்கும் 1908இல் மைசூர் நகருக்கும் மின்னொளி கிட்டியது.

இத்திட்டம் சில ஆண்டுகளிலேயே நிறைவேறியதற்கு அக்காலத்தில் விதிகள் குறைவு என்பது மட்டும் காரணமன்று. அருவிக்கு மேலே திருப்பப்பட்ட நீர், எந்திரங்களைச் சுழற்றியபின் மீண்டும் ஆற்றையே அடைந்தது. பெரிய தேக்கம் இல்லை. கீழ்ப்பகுதி உழவர்க்கு நீர்க் குறைவும் பெரிதாக இல்லை. தீங்கு சிறிதாயின் தடையும் சிறிதாகவே இருக்கும் என்பதற்கு இது சான்று.

கிருஷ்ணராஜசாகரம்

மைசூருக்கு அண்மையில் 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர அணையின் கதை வேறு. சிவசமுத்திரத்துக்கு ஆண்டு முழுவதும் சீராக நீர் அளிப்பதும் பாசனமும் அதன் நோக்கங்கள். ஆனால் நீரைத் தேக்கினால் காவிரியின் கீழ்ப்பகுதியில் நெடுங்காலமாகப் பயிரிட்டு வரும் உழவரின் உரிமை என்னாவது என்ற வினா எழுந்தது. 1892ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி புதிய தேக்கங்களுக்குச் சென்னை அரசின் இசைவு தேவை. சென்னை அரசு சிறிய தேக்கத்துக்கே இசைந்தது. நீதிபதி கிரிஃபின் 1914இல் அளித்த நடுவர் தீர்ப்பைச் சென்னை அரசு ஏற்கவில்லை. அத்தீர்ப்பு இலண்டனில் 1919இல் தள்ளுபடியாயிற்று. இறுதியில் 1924ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் இரு அரசுகளும் உடன்பாடு கண்டன. அதன்படி அணையிலிருந்து எப்போது, எவ்வளவு நீர் விட வேண்டும் என்பதற்கு விதிகள் வகுக்கப்பட்டன. மறுபுறம் சென்னை மாகாணத்தில் மேட்டூர் அணைக்கும் வழி பிறந்தது.

பதின்மூன்று ஆண்டுகள் நீண்ட காலமே. எனினும் இக்காலத்தாழ்வை வெறும் அலுவலகத் தாமதம் என்று கூற இயலாது. உண்மையான உரிமை ஒன்று எதிரே நின்றது. அதற்கு விடை காணாமல் அணை எழுந்திருந்தால் பூசல் மறைந்திராது, முற்றியிருக்கும். அந்த உடன்பாட்டின் சில விதிகள் மறுஆய்வுக்கு வந்த 1974க்குப் பின் எழுந்த வழக்குகள், 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை நீடித்ததை அனைவரும் அறிவர்.

இன்றைய சட்டம்

1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டமும் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் இன்றைய முறைக்கு அடிப்படை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு 1994இல் கட்டாயமாயிற்று; பொதுமக்கள் கருத்துக்கேட்பு 1997இல் சேர்ந்தது. 2006ஆம் ஆண்டின் அறிவிக்கை கால வரம்பும் விதித்தது. கருத்துக்கேட்பு 45 நாட்களிலும், வல்லுநர் குழுவின் பரிசீலனை 60 நாட்களிலும், அதன்பின் அரசின் முடிவு 45 நாட்களிலும் முடிய வேண்டும். 2018இல் விண்ணப்பங்களுக்கெனப் 'பரிவேஷ்' என்னும் கணினித் தளம் வந்தது.

மின் துறையிலும் தளர்வுகள் வந்தன. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் மின் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றாக்கியது. பெரிய நீர்மின் திட்டங்களுக்கு மட்டும் மத்திய மின்சார ஆணையத்தின் இசைவு தேவைப்பட்டது. 2022ஆம் ஆண்டின் பசுமை மின்சார விதிகளின்படி திறந்த அணுகலுக்கான விண்ணப்பத்தின்மீது 15 நாட்களில் முடிவெடுக்கப்படாவிடில் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளப்படும். அமெரிக்காவும் 2023இல் விரிவான தாக்க ஆய்வுக்கு இரண்டு ஆண்டு வரம்பும், பொதுவாக 150 பக்க வரம்பும் விதித்தது.

சாமலாபுராவும் குடகும்

கால வரம்பு மட்டும் போதுமா? மைசூரு மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டை தாலுகாவில் கபினி நீர்த்தேக்கமும் நாகரஹொளேக் காட்டின் ஒரு பகுதியும் உள்ளன. அத்தாலுகாவின் சாமலாபுராவில் 1,000 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் அமைக்க 2007ஆம் ஆண்டை ஒட்டி முயற்சி நடந்தது. உழவர்கள் கடுமையாக எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. இடத்தை முதலில் தேர்ந்துவிட்டு மக்களைப் பின்னர் எண்ணிப் பார்த்ததன் விளைவு இது.

மைசூருவிலிருந்து குடகு வழியாகக் கேரளம் செல்லும் 400 கிலோவோல்ட் மின் பாதை மற்றொரு பாடம். மின் பாதைகள் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின் பட்டியலில் இல்லை. ஆகவே அவற்றுக்குச் சட்டப்படி கருத்துக்கேட்பு இல்லை. யானைகள் நடமாடும் காட்டிலும் காப்பித் தோட்டங்களிலும் பெருமளவில் மரங்கள் வெட்டப்படும் என்று குடகு மக்கள் போராடினர், வழக்குகளும் நடந்தன. பல ஆண்டு இழுபறிக்குப் பின் 2015இல் மரங்கள் வெட்டப்பட்டுப் பணி நடந்தது. விலக்கு அளித்ததால் விரைவு கிட்டவில்லை. மாவட்டத்தில் கேட்கப்படாத வினா நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது. காலமும் போயிற்று; மரங்களும் போயின.

பாவகடா காட்டும் வழி

இதற்கு மாறாகத் துமகூரு மாவட்டத்துப் பாவகடாவில் 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்காவுக்கு ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்படவில்லை, குத்தகைக்குப் பெறப்பட்டது. உரிமை உழவரிடமே நின்றது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் எனத் தொடங்கிய குத்தகைத் தொகை குறிப்பிட்ட கால இடைவெளியில் உயர வகை செய்யப்பட்டது. உடைமையாளரின் இசைவு என்னும் கொள்கை இங்கே நன்கு பயன்பட்டது. எனினும் நிலமற்ற கூலித் தொழிலாளர்க்குக் குத்தகை இல்லை. வயல் வேலையும் குறைந்தது. உடைமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் உடைமையற்றோர் கணக்கில் வாராமற் போவர். அக்கொள்கையின் குறைபாடும் இதுவே.

முடிவுரை

விதிகளைத் தெளிவாக்குதல், கால வரம்பை மதித்தல், ஒரே ஆவணத்தைப் பல அலுவலகங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைத் தவிர்த்தல், இசைவின் அடிப்படையில் நிலம் பெறுதல் ஆகியவை கொள்ளத்தக்கவை. கருத்துக்கேட்பைச் சுருக்குவதும், பெருந்தீங்கு விளைக்கக்கூடிய திட்டங்களுக்கு விலக்களிப்பதும் தள்ளத்தக்கவை. இடத்தேர்வு முடிவாகும் முன்பே நீர், காடு, பிழைப்பு ஆகிய மூன்றையும் பற்றி உள்ளூராரிடம் கேட்டுவிட்டால் பின்வரும் படிகளை விரைவுபடுத்தலாம். மாவட்ட அலுவலர் விண்ணப்பக் கோப்பைத் திறக்கும்போது, இது எத்தனை நாளில் முடியும் என்ற வினாவோடு, இதனால் யாருக்கு இழப்பு என்ற வினாவையும் எழுப்ப வேண்டும். இரண்டாவது வினாவுக்குத் தொடக்கத்திலேயே விடை கண்டால்தான் முதல் வினாவுக்கு நம்பத்தக்க விடை கிடைக்கும்.