கூரை திறக்கும் காரை ஜூலையில் வாங்குங்கள்

செகண்ட்ஹேண்டில் கன்வெர்ட்டிபிள் வாங்க மும்பையில் சரியான மாதம் ஜூலை. ஆனால் எல்லோரும் ஜனவரியில்தான் போகிறார்கள். குளிர்ந்த காற்று, திறந்த கூரை, ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஒரு ஓட்டம். செம்பூருக்குத் திரும்புவதற்குள் மனசு கையெழுத்துப் போட்டுவிடும். மழைக்காலத்தில் அந்த மயக்கம் இல்லை. ஒழுகும் கூரை தானே காட்டிக்கொடுக்கும், விற்பவரும் விலையில் இறங்கி வருவார். பி.எம்.டபிள்யூ. இசட்4, மெர்சிடீஸ் எஸ்.எல்.கே., போர்ஷே பாக்ஸ்டர் மூன்றில் எதைப் பார்த்தாலும் இந்த ஊரில் முதல் எதிரி தண்ணீர்தான்.

காரைத் தேடுவதற்கு முன் வண்டி நிறுத்தும் இடத்தைப் பாருங்கள். திலக் நகரில் பழைய மஹாடா கட்டடங்கள் இடிந்து டவர்களாகிக்கொண்டிருக்கின்றன. புதிய சொசைட்டியில் அடுக்குப் பார்க்கிங் என்றால், தாழ்ந்த முன்பக்கம் அந்தத் தட்டின் விளிம்பில் உரசுமா என்று அளந்துவிடுங்கள். பழைய கட்டடமென்றால் மரத்தடிதான் கிடைக்கும். உதிரும் இலையும் புறா எச்சமும் கூரையின் வடிகால் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். மேலே தகரமாவது போட முடியாத இடமென்றால் இந்த ஆசையைத் தள்ளிப்போடுவது நல்லது.

அடுத்தது காகிதம். எம்.எச். 03, அதாவது வடாலா ஆர்.டி.ஓ. பதிவோ, மும்பையின் வேறு ஆர்.டி.ஓ. பதிவோ இருந்தால் வேலை சுலபம். புதுச்சேரி நம்பர் பிளேட் வண்டி மலிவாக வந்தால் உஷாராகுங்கள். வரி குறைவு என்பதற்காகவே பொய் முகவரியில் அங்கே பதிவு செய்த சொகுசுக் கார்கள் ஏராளம்; கேரளத்தில் 2017-ல் வழக்குகளே வந்தன. வெளிமாநில வண்டியை இங்கே மாற்றினால் மகாராஷ்டிர சாலை வரி உங்கள் தலையில் விழும், அதுவும் இறக்குமதி வண்டிக்கு விகிதம் கூடுதல். பரிவாகன் தளத்தில் கடன் பாக்கி, சலான், பிளாக்லிஸ்ட் மூன்றையும் பாருங்கள். ஷோரூம் வழியாக வராமல் தனியாக இறக்குமதியான வண்டி என்றால் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரியைக் கேளுங்கள். இல்லையென்று சொன்னால் பேச்சை அத்தோடு முடியுங்கள்.

வயதையும் கணக்கிடுங்கள். 15 ஆண்டு முடிந்த இறக்குமதிக் காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 40,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு அது 2025 ஆகஸ்டில் 80,000 ஆனது. 2009-ல் இங்கே வந்த இசட்4-இன் முதல் வண்டிகள் அந்த 15-ஐக் கடந்துவிட்டன.

இனி தண்ணீர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பெய்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் டோட்டல் லாஸ் என்று ஏலம் விட்டன. ஏலத்தில் போன வண்டி பளபளப்பாகி எந்த ஊரிலும் தலைகாட்டலாம். எனவே சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுருளின் உள்முனையில் சேறு கோடு போட்டிருந்தால் மூழ்கிய வண்டி. சீட் ரெயிலில் துரு இருக்கிறதா, டிக்கி விரிப்புக்கு அடியில் ஈரமா, ஏ.சி. போட்டதும் புழுங்கல் வாடை அடிக்கிறதா? பாக்ஸ்டரில் சீட்டுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோல் யூனிட் நனைந்தால் சாவி போட்டாலும் வண்டி கண் திறக்காது.

கூரையைச் சோதிக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். என்ஜின் ஓடும்போதே முழுதாக மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். 2009 இசட்4-இன் அலுமினியக் கூரை சுமார் 20 விநாடியில் மடிந்துவிட வேண்டும். நடுவில் திணறினால் பாட்டரி பலவீனமா, ஹைட்ராலிக் பம்ப் ஓய்ந்ததா என்று பிரித்தறியுங்கள். டிக்கிக்குள் இருக்கும் தடுப்புத் திரையை இழுத்து மாட்டாவிட்டாலும் கூரை அசையாது. அது தெரியாமல் ரிப்பேர் என்று நம்பியவர்கள் உண்டு. பிறகு தோட்டத்துக் குழாயால் கீழிருந்து மேலாக, கண்ணாடி ஓரங்களில் பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். கூரை மடியும் பள்ளத்தின் மூலையில் ஒரு டம்ளர் ஊற்றினால் சக்கரத்தின் அருகே வழிய வேண்டும். வழியவில்லையா, துளை அடைத்திருக்கிறது. அதைத் தடித்த நைலான் நூலால் குத்தி எடுக்கலாம். காற்றடித்தால் உள்ளே குழாய் கழன்று நிலைமை மோசமாகும்.

என்ஜின் பிரச்சினை மாடலுக்கு மாடல் வேறு. இசட்4 35ஐ-இல் ஹை-பிரஷர் பெட்ரோல் பம்பும் எலக்ட்ரிக் வாட்டர் பம்பும் பெயர்போன தொல்லைகள். டர்போ பக்கம் கலகலவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பழைய எஸ்.எல்.கே.யில் டைமிங் சங்கிலி இழுபடுவதைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது அந்தச் சில விநாடிச் சத்தமே சாட்சி. ஆகவே வண்டியை முன்கூட்டி சூடாக்கி வைக்காதீர்கள் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். 2009 மாடலுக்கு முந்தைய பாக்ஸ்டர்களில் ஐ.எம்.எஸ். பேரிங் (என்ஜினுக்குள் இடைத்தண்டைத் தாங்குவது) உடைந்தால் என்ஜினே போயிற்று. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய்கள் தாங்குகின்றனவா என்பதையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

செலவுக்கு வருவோம். இங்கே 2019-ல் அறிமுகமான இசட்4-இன் தொடக்க விலை 64.9 லட்சம். நீங்கள் பாதிக்கு வாங்கினாலும் பாகங்கள் அந்த விலைக் காருடையவைதான். பழைய இசட்4 35ஐ-இல் முன் டயர் 225/40, பின் டயர் 255/35. மாற்றிப் போட்டுத் தேய்க்க முடியாது, ஸ்டெப்னியும் கிடையாது. எல்.பி.எஸ். சாலைக் குழி ஒன்றே டயரோடு ரிம்மையும் சாப்பிட்டுவிடும். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் கண்ணாடியும் பம்பரும் தேறலாம்; கூரையின் ரப்பர் சீலை மட்டும் அங்கே தேடாதீர்கள், ஒரிஜினலே வேண்டும்.

இன்ஷூரன்ஸில் 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் மட்டும் ஆண்டுக்கு 7,897 ரூபாய். வழக்கமான பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் கிளெய்ம் கிடைக்கும். என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவரைச் சேர்க்காமல் ஜூனுக்குள் நுழையாதீர்கள். தண்ணீரில் நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. டோ செய்து கொண்டுபோங்கள்.

என் கணக்கு இது: வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் ஆண்டுக்கென்று வங்கியில் தனியாக வையுங்கள். அந்தத் தொகை இல்லையென்றால் வண்டியை வாங்காதீர்கள். செடா நகர் முருகன் கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

கூரை பாதியில் நின்றால் ஐம்பதாயிரம் குறைத்துக்கொள்கிறேன் என்பார்கள். எழுந்து வந்துவிடுங்கள்.