பழைய கீபோர்டில் ஒரு மணிபர்ஸ்

1. கெட்டுப்போன கம்ப்யூட்டர் கீபோர்டைக் காயலான் கடைக்குப் போடுமுன் பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். ஒன்றிரண்டு ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். சாதாரண ரப்பர் குமிழ் கீபோர்டு என்றால் உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். இரண்டில் வெள்ளி நிறக் கோடுகள் சிக்குக்கோலம் போல ஓடும். நடுத்தாள் வெறும் ஓட்டைகள்தான். தண்ணீரில் ஊறாது, கையால் சட்டென்று கிழியாது. பர்ஸுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2. லேப்டாப் கீபோர்டு வேண்டாம். பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

3. தாள்களை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். அயர்ன் பாக்ஸ் வைக்காதீர்கள், சுருண்டுவிடும்.

4. 500 ரூபாய் நோட்டு 150 மி.மீ. நீளம், 66 மி.மீ. அகலம். ஏ.டி.எம். கார்டு 85.6 மி.மீ. நீளம், 54 மி.மீ. அகலம். ஆகவே வெளித்தாள் 21 செ.மீ. நீளம், 9 செ.மீ. உயரம் இருக்கட்டும். உள்தாள் நீளத்தில் அரை செ.மீ. குறையட்டும், இரண்டும் ஒரே நீளமானால் மடிக்கும்போது உள்தாள் புடைத்துக்கொண்டு நிற்கும். கார்டு பைக்கு 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. உயரத்தில் துண்டுகள். பெரிய ஓட்டை வரும் இடங்களைத் தவிர்த்து வெட்டுங்கள். மூலைகளை உருட்டிவிடாவிட்டால் சட்டைப்பையைக் கிழிக்கும்.

5. மடிக்கும் இடத்தில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடிழுங்கள். மடிப்பு நேராக விழும்.

6. முதலில் கார்டு பைகளை உள்தாளில் தையுங்கள். பிறகு உள்தாளையும் வெளித்தாளையும் மேல்பக்கம் விட்டு மற்ற மூன்று பக்கமும் தையுங்கள். தையல் நெருக்கமாக இருந்தால் ஊசித்துளை வழியாகவே தாள் பிரிந்துவிடும்; மெஷினில் இருப்பதிலேயே நீளமான தையலை வையுங்கள். ஓரத்துக்குப் பைப்பிங் துணி கொடுத்தால் உழைக்கும். வெள்ளைப் பசை இதில் பிடிக்காது. தைக்கும்வரை நகராமலிருக்க இருபக்க டேப் போதும்.

7. கோடுகள் வெளியே தெரிந்தால்தான் அழகு. ஆனால் உரசினால் உதிரும். மேலே கண்ணாடி டேப் ஒட்டிவிடுங்கள்.

8. மூடுவதற்கு வெல்க்ரோ நல்லது. ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் கூடவே கூடாது. கார்டின் கறுப்புப் பட்டை அழிந்துவிடும்.

9. பச்சை சர்க்யூட் போர்டை வெட்டி அட்டையாக வைக்கும் ஆசை வரும். விட்டுவிடுங்கள். அறுக்கும்போது பறக்கும் கண்ணாடியிழைத் தூள் மூச்சுக்கு ஆகாது, பழைய சால்டரில் ஈயமும் உண்டு. போர்டையும் ஒயரையும் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

10. மிஞ்சும் ரப்பர் குமிழ்களைத் தனித்தனியாக வெட்டி அலமாரிக் கதவின் உள்மூலையில் ஒட்டுங்கள். மூடும்போது ‘டமார்’ சத்தம் வராது.