என் முழியில் என்ன தப்பு?

கேள்வி கேட்டே ஒற்றரைக் கண்டுபிடிக்கும் ஸ்பைஃபால் ஆட்டத்தை விதி தெரியாதவர்கூடக் கெடுக்க முடியாது. ஆனால் "மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன்" என்கிற ஆள் ஒருத்தர் போதும், கெட்டுவிடும். எங்கள் வீட்டில் அது அத்தான், அதாவது என் அக்கா வீட்டுக்காரர்.

ஆட்டம் சுலபம். அலெக்சாண்டர் உஷான் உருவாக்கி 2014-இல் வந்தது. 3 முதல் 8 பேர் ஆடலாம். எல்லாருக்கும் ஒரே இடத்தின் பெயர் வரும், ஒருவருக்கு மட்டும் 'ஒற்றர்' என்று வரும். 8 நிமிடம் மாறி மாறிக் கேள்வி. கேட்டவரையே உடனே திருப்பிக் கேட்கக் கூடாது. பதிலைத் துருவி இன்னொரு கேள்வியும் கூடாது. ஒற்றர் மாட்டாமல் தப்பினாலோ, இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டாலோ அவருக்கு வெற்றி.

மாஃபியா ஆடலாமே என்பீர்கள். 1986-இல் மாஸ்கோவில் திமித்ரி டேவிடாஃப் உருவாக்கிய ஆட்டம், நல்ல ஆட்டம்தான். ஆனால் முதல் ராத்திரியே 'செத்தவர்' கடைசிவரை வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். எங்கள் சித்தப்பாவை அப்படி உட்கார வைத்துப் பாருங்கள், தெரியும்.

பெட்டியில் வரும் இடங்களை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். கேசினோ, நீர்மூழ்கிக் கப்பல், துருவ ஆய்வு நிலையம். கேசினோவைப் பற்றி என்ன கேட்பது? எங்கள் குடும்பத்தில் யாரும் போனதில்லை, போயிருந்தாலும் சொல்ல மாட்டார்கள். நான் நோட்டுத் தாளைக் கிழித்து ரேஷன் கடை, கல்யாண மண்டபம், ஆர்டிஓ ஆபீஸ், குற்றாலம் அருவி, சலூன் என்று எழுதினேன். கேள்வி தானாக வந்து விழுந்தது. பென்சிலால் எழுதுங்கள், மை பின்பக்கம் ஊறினால் ஒற்றர் சீட்டு எதுவென்று குழந்தைகள் கண்டுபிடித்துவிடும்.

அத்தான் கெடுத்த சுற்றில் வந்த இடம் கல்யாண மண்டபம். "இங்க கூட்டம் எப்ப குறையும்?" என்று அக்கா என்னைக் கேட்டாள். "வந்த வேலை முடிஞ்சதும் கிளம்பிருவாங்க" என்றேன். பந்தியைச் சொல்கிறேன் என்று இடம் தெரிந்தவருக்குப் புரியும், ஒற்றருக்கு ஒன்றும் கிடைக்காது. இதைவிட நல்ல பதில் இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. அடுத்து, பத்தாவது படிக்கும் அக்கா மகள் சித்தியைப் பார்த்து, "பாட்டி, இங்க டோக்கன் வாங்கணுமா?" என்றாள். வேண்டுமென்றே விரித்த வலை. சித்தி முறுக்கைக் கடித்துக்கொண்டே, "வாங்காம? வரிசைல நிக்கணும்லா" என்றார். மொய் எழுதக்கூட எந்த மண்டபத்திலும் டோக்கன் கிடையாது!

அந்த நேரம் பார்த்து அத்தான் கடிகாரத்தை நிறுத்தினார். "ஏலே மாப்ளே, முழியே சரியில்லையே. திருட்டு முழி!" அவ்வளவுதான் அவருடைய சாட்சியம். சந்தேகத்துக்குரியவரைத் தவிர அத்தனை பேரும் ஒத்துக்கொண்டால்தான் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியும் என்பது விதி. அக்கா மகள் கை தூக்கவில்லை. "டோக்கன்னு சொன்னது மாமா இல்லியே..." என்று இழுத்தாள். "சும்மா கையத் தூக்குட்டீ, நேரமாகுது" என்று அதட்டித் தூக்க வைத்தார்கள். ஆட்டம் அந்த இடத்தில்தான் போனது. ஒருத்தர் மறுத்தாலும் தீர்ப்பு நின்றுபோகட்டும் என்றுதான் அந்த விதியே இருக்கிறது. அப்பாவியைப் பிடித்தால் ஒற்றருக்கு 4 புள்ளி. சித்தி சீட்டை விரித்துக் காட்டிவிட்டு அடுத்த முறுக்கை எடுத்தார்.

முழியைப் பார்த்தே முடிவு கட்டும் இந்தப் பழக்கத்துக்குக் காரணம் நாம் சின்ன வயதில் ஆடிய ராஜா ராணி. அதில் போலீஸ் சீட்டு வந்தவனுக்குக் கேள்வி கேட்கும் வேலையே இல்லை. யார் முழிக்கிறான் என்று பார்த்து, திருடன் என்று கை நீட்டினால் போதும். அத்தான் இன்னும் அங்கேயே இருக்கிறார். ஆனால் முழியை நம்ப முடியுமா? 2006-இல் சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற உளவியலாளர்கள் நிறைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பொய்யையும் உண்மையையும் பிரித்துச் சொல்வதில் மனிதர்கள் சராசரியாக 54 சதவீதம்தான் சரி. காசைச் சுண்டினாலே 50 கிடைக்கும். இதை அத்தானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

நீங்கள் ஒற்றராக வந்தால் சித்தியைப் பின்பற்றலாம்: கையில் தின்ன ஏதாவது இருக்கட்டும், பதில் குட்டையாக இருக்கட்டும், இடத்தை அவசரப்பட்டு யூகிக்காதீர்கள். மற்றபடி, யாரும் பேச்சைக் கவனிக்காத வீட்டில் ஒற்றருக்குத் திறமையே தேவையில்லை.

இப்போது ஒரு விதி சேர்த்திருக்கிறேன். குற்றம் சாட்டுகிறவர், எந்தக் கேள்விக்கு வந்த எந்தப் பதில் இடிக்கிறது என்று சொல்லியாக வேண்டும். முழி, வியர்வை, சிரிப்பு எதுவும் செல்லாது. "இது என்னையக் குறிவச்சுப் போட்ட சட்டம்லா" என்கிறார் அத்தான். ஆமாம், அவரைக் குறிவைத்துப் போட்டதுதான்.